பெரிய வாஃப்டர் இரைக்கு எந்த ரிக்? கார்ப் தூண்டில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டனுக்கு மேற்கே கோல்ன் பள்ளத்தாக்கில் சரளைக்கல் தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்று ஏரியாகிப்போன இடங்கள் நிறைய இருக்கின்றன. பல வருடமாக நான் கார்ப், அதாவது பெரிய கெண்டை மீன், பிடிக்க உட்காருவது அங்கேதான். வருடத்துக்கு ஒரு தடவை பிரான்ஸ் பக்கமும் போய் வருவேன். பிடித்த மீனை எடை பார்த்துத் திரும்பத் தண்ணீரில் விடுவதுதான் இங்கே வழக்கம். 20 மி.மீ.க்கு மேல் இருக்கும் பெரிய வாஃப்டர் இரைக்கு எந்த ரிக் கட்டலாம் என்று தமிழில் என்னிடம் கேட்டவர்கள் அதிகம், எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் போடுகிறேன்.

சொற்களைப் பற்றி ஒன்று. முள் என்றால் தூண்டில் முள். ஹூக்லிங்க் என்றால் முள்ளுக்கும் ஈயத்துக்கும் நடுவில் வரும் குட்டி நரம்பு. முடி என்றால் இரையைத் தொங்கவிடும் மெல்லிய நூல். இந்த முள், ஹூக்லிங்க், முடி எல்லாம் சேர்ந்த கட்டுமானம்தான் ரிக்.

வாஃப்டர் என்றால் என்ன? பாப்-அப்பும் அதுவும் ஒன்றா?

இல்லை. சாதாரண பாய்லி, அதாவது மீன்தூளும் மாவும் முட்டையும் பிசைந்து உருட்டி வேகவைத்த உருண்டை, தண்ணீரில் போட்டால் நேராக அடிக்குப் போய் உட்காரும். பாப்-அப்பின் உள்ளே தக்கை இருக்கும், அது முள்ளையும் தூக்கிக்கொண்டு மேலே கிளம்பும், கீழே ஒரு சின்ன எடை வைத்தால்தான் தரைக்குப் பக்கத்தில் நிற்கும். வாஃப்டர் இரண்டுக்கும் நடு. தனியாகப் போட்டால் மெல்ல மிதக்கும், அல்லது மிக மெதுவாக இறங்கும். முள்ளைக் கட்டியதும் முள்ளின் எடையே அதைக் கீழே கொண்டுபோய்விடும். தரையில் முள் படுத்திருக்க, இரை அதன் மேல் நிமிர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் தண்ணீரை விரலால் லேசாக அசைத்தாலே நகர்ந்துவிடும்.

பெரியது என்றால் எவ்வளவு?

இங்கே கடைகளில் அதிகம் விற்பது 15 மி.மீ., 18 மி.மீ. உருண்டைகள். நான் பெரியது என்று சொல்வது 20 மி.மீ.யிலிருந்து 24 மி.மீ. வரை. 20 மி.மீ. மூழ்கும் பாய்லியின் தலையில் ஒரு சின்ன பாப்-அப் வைத்துக் கோர்க்கும் 'ஸ்னோமேன்' வகையும் இதில் சேரும். 15-க்கும் 24-க்கும் 9 மி.மீ.தானே வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் உருண்டையின் கன அளவு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது, கணக்குப் போட்டால் 24 மி.மீ. உருண்டை 15 மி.மீ. உருண்டையைப்போல 4 மடங்குக்குச் சற்று மேல் வருகிறது. அதனால்தான் 15-க்குக் கட்டிய ரிக்கை அப்படியே 24-க்கு எடுத்துப் போட்டால் ஒத்துழைக்காது.

பெரிய இரை போட்டால் பெரிய மீன்தான் வருமா?

வராது. 1980 ஜூன் 16 அன்று ரெட்மயர் குளத்தில் கிறிஸ் யேட்ஸ் பிடித்த 51 பவுண்ட் 8 அவுன்ஸ் கார்ப், அன்றைக்கு பிரிட்டனின் மிகப் பெரிய கார்ப், அது எடுத்தது மக்காச்சோள மணியை. பெரிய மீன் சின்ன இரையைச் சந்தோஷமாகச் சாப்பிடும்.

பெரிய இரை நமக்கு வேலை செய்வது ஒரு சல்லடையாக. ப்ரீம், டென்ச், ரோச் போன்ற மீன்கள் நிறைய இருக்கும் ஏரியில் 15 மி.மீ. இரையைப் போட்டுவிட்டு ராத்திரி முழுவதும் எழுந்து எழுந்து ப்ரீமைக் கழற்றி விட்டுக்கொண்டிருக்க வேண்டிவரும். பிரான்சில் இதே தொல்லையைக் கறுப்பு நிறக் குட்டிக் கெளுத்தி தருகிறது, அங்கே அதைப் புவாசோன்-ஷா என்கிறார்கள். இங்கிலாந்தில் 1970-களில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த சிக்னல் க்ரேஃபிஷ் என்ற கொடுக்குள்ள நன்னீர் இறால் வேறு, சின்ன இரையைக் கொஞ்ச நேரத்தில் கொறித்து முடித்துவிடும். 24 மி.மீ. போட்டால் இவை எல்லாம் நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன், குறையும். 15 பவுண்ட் கார்ப்புக்குக்கூட 24 மி.மீ. உருண்டை வாய் கொள்ளாத அளவு இல்லை.

சரி, பெரிய மூழ்கும் இரையையே போட்டால் என்ன? அதை ஏன் மிதக்கவைக்க வேண்டும்?

இதற்கு கார்ப் எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்க்க வேண்டும். அதன் தாடையில் பல் கிடையாது, பல் இருப்பது தொண்டைக்குள்ளே. அதனால் கடித்து எடுப்பதில்லை. உதட்டைக் குழாய்போல நீட்டி உறிஞ்சுகிறது, தண்ணீர், சேறு, இரை எல்லாம் ஒன்றாக உள்ளே போகின்றன, உள்ளே சலித்துப் பார்த்து வேண்டாததை ஊதித் துப்புகிறது. ஒரு இரைக்கு முன்னால் நின்று பலமுறை உறிஞ்சித் துப்புவதைத் தெளிவான தண்ணீரில் கண்ணால் பார்க்கலாம்.

முள் கட்டாத உருண்டை இந்த உறிஞ்சலில் தடையில்லாமல் போய்விடும். முள்ளும் நரம்பும் கட்டிய உருண்டை கனமாக இருப்பதால் பின்தங்கும், நிறையத் தூண்டில் பார்த்த கார்ப்புக்கு அந்த வித்தியாசமே போதும், விட்டுவிட்டுப் போய்விடும். முள்ளின் எடையை ஈடுகட்டும் அளவுக்கு இரையை லேசாக்கினால் அது தண்ணீரோடு தண்ணீராக உள்ளே போகும். வாஃப்டரின் பலம் இதுதான்.

இதன் மறுபக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை. தண்ணீரோடு சுலபமாக உள்ளே வந்த இரை, மீன் ஊதும்போது அதே சுலபத்தில் வெளியேயும் போகும். அதுவும் 24 மி.மீ. உருண்டை என்றால் ஊதும் தண்ணீர் அதைப் பாய்மரம்போலப் பிடித்துத் தள்ளும், அது போகும்போது முள்ளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். உள்ளே கொண்டுபோகும் வேலையை இரையின் எடைச் சமநிலை பார்த்துக்கொள்கிறது. ரிக் பார்க்க வேண்டியது வெளியே போகும் வேலையை: இரை வெளியே போகட்டும், முள் மட்டும் உதட்டில் தங்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

எவ்வளவு தக்கை வைப்பது?

கடையில் வாங்கும் வாஃப்டர் டப்பாவை நம்பி அப்படியே கட்டாதீர்கள், அதைச் செய்தவர் எந்த முள்ளை மனதில் வைத்துச் செய்தார் என்று டப்பாவில் இருக்காது. நானே செய்வது இப்படி. மூழ்கும் பாய்லியில் 6 மி.மீ. துளையிடும் கருவியால் நடுவில் துளைத்து, அதே தடிமனுள்ள தக்கைக் குச்சியைச் செருகி இரண்டு பக்கமும் வெட்டிவிடுகிறேன்.

கணக்கு வேண்டுமானால், பாய்லி தண்ணீரைவிடப் பத்து சதவீதம் கனம் என்று வைத்துக்கொள்வோம். 24 மி.மீ. உருண்டையின் கன அளவு 7.2 கன செ.மீ., கையில் 8 கிராம் இருக்கும், ஆனால் தண்ணீருக்குள் அதன் எடை முக்கால் கிராம்கூட இல்லை. ஒரு கன செ.மீ. பாய்லியை எடுத்துவிட்டுத் தக்கை வைத்தால் கிட்டத்தட்ட 0.9 கிராம் குறையும். 6 மி.மீ. குச்சி முழு நீளத்துக்குப் போனால் 0.68 கன செ.மீ., அதாவது 0.6 கிராம்போலக் குறைகிறது. ஆக 24 மி.மீ. உருண்டை முள் இல்லாமலே மெதுவாக இறங்கும், பெரிய முள்ளையும் கட்டினால் அது வாஃப்டர் இல்லை, கொஞ்சம் லேசான மூழ்கும் இரை, அவ்வளவுதான். 20 மி.மீ. உருண்டைக்கு அதே குச்சி சரியாக இருக்கும், தனியாக லேசாக மிதந்து முள்ளோடு கீழே இறங்கும். 24-க்கு 8 மி.மீ. குச்சி வைத்துவிட்டு, மிதப்பு அதிகமாக இருந்தால் முனையில் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக் குறைக்க வேண்டும். பாய்லிக்குப் பாய்லி எடை மாறும் என்பதால் இந்தக் கணக்கு ஆரம்பிக்க மட்டும்தான், முடிவு தண்ணீரில்தான் தெரியும்.

ஒரு கண்ணாடி ஜாடியில் அந்த ஏரித் தண்ணீரையே எடுத்து, கட்டப்போகும் அதே முள்ளோடு போட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்த அளவு: முள் முதலில் இறங்கி, இரை அதன் மேலே ஓர் இறகுபோல வந்து நிற்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் தக்கை போதாது. முள்ளும் தரையில் படாமல் தொங்கினால் அதிகம்.

ஜாடியில் சரியாக நின்றது ஏரியில் மாறுமா?

மாறும். பாய்லி தண்ணீர் குடிக்கும். காற்றில் உலர்த்திக் கல்லாக்கிய பாய்லி இன்னும் அதிகம் குடிக்கும், போட்டபோது மிதந்தது சில மணி நேரத்தில் தரையில் உட்கார்ந்துவிடும். ராத்திரி முழுக்க ஒரே இரையைப் போட்டு வைக்கிற ஆளாக இருந்தால் முந்தின நாளே இரையை ஏரித் தண்ணீரில் ஊறவைத்து, ஊறிய பிறகு தக்கையைச் சரி செய்யுங்கள். ஊறி வெளிறிய இரையை கார்ப் ஏற்கெனவே கிடக்கிற பழைய உருண்டை என்று நினைத்து எடுக்கிறது என்பது என் அபிப்பிராயம், அதற்காகவும் ஊறவைக்கிறேன். தக்கைக்குப் பதில் நுரை வைத்தால் ஆழமான தண்ணீரில் நுரை அமுங்கி மிதப்பு குறையும், ஆழத்துக்குத் தக்கைதான் நல்லது.

கடைசியில் எந்த ரிக்?

என் பதில் ப்ளோபேக் ரிக், வளையம் தண்டில் தாராளமாக ஓடும்படி கட்டியது. காரணம் சொல்கிறேன்.

இரையை முள்ளில் குத்தாமல் ஒரு முடியில் தொங்கவிடும் முறை, ஹேர் ரிக், 1980 வாக்கில் லென் மிடில்டனும் கெவின் மேடக்ஸும் மீன்தொட்டியில் கார்ப்பை வைத்துச் சோதித்துக் கண்டுபிடித்தது. ஆரம்பத்தில் உண்மையிலேயே தலைமுடியைத்தான் கட்டினார்கள், பெயர் அப்படி வந்தது. சாதாரண ஹேர் ரிக்கில் முடி தண்டின் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். சின்ன இரைக்கு இது போதும். பெரிய இரையை மீன் ஊதும்போது முடி இழுபட, முடி கிளம்பும் இடத்தில் தண்டும் இழுபட, முள் புரண்டு வெளியே வந்துவிடும்.

ப்ளோபேக்கில் முடியின் நடுவில் ஒரு குட்டி வளையம் வரும், அந்த வளையத்தை முள்ளின் தண்டில் மாட்டிவிட்டு மேலே நரம்பைத் தண்டில் சுற்றிச் சுற்றிக் கட்டும் நாட்லெஸ் முடிச்சுப் போடுகிறோம். மீன் ஊதினால் இரை வளையத்தை இழுத்துக்கொண்டு தண்டின் மேலே, நரம்பு கோர்க்கும் கண் வரை ஓடும், முள்ளின் நுனி தனியாகக் கீழே விழுந்து உதட்டைப் பிடிக்கும். அந்த ஓட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, ஆனால் இரையின் வேகம் முள்ளுக்குப் போய்ச் சேராமல் இருக்க அது போதும். வளையத்துக்குப் பதிலாக ஒரு துண்டு சிலிக்கான் குழாய் வைத்துக் கட்டுபவர்களும் உண்டு, சின்ன இரைக்கு அதுவே நன்றாக இருக்கும், பெரிய இரையில் குழாய் தண்டை இறுக்கிப் பிடித்து ஓடாமல் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வளையம் கட்டுங்கள்.

கண்ணுக்கு மேல் சுருங்கும் குழாய் ஒரு துண்டு, 10 முதல் 15 மி.மீ., வெந்நீர் ஆவியில் காட்டி முள்ளின் நுனி இருக்கும் பக்கமாக லேசாக வளைத்துவிட வேண்டும். நரம்பு இறுகியதும் முள் புரண்டு கீழுதட்டைத் தேட அது உதவும். அதிகம் வளைக்க வேண்டாம்.

இதற்கு அடுத்த இடம் ஜெர்மன் ரிக்குக்குத் தருவேன். வளைந்த தண்டுள்ள முள், தண்டில் ஒரு வளையம், வளையம் நுனிப் பக்கம் ஓடிவிடாமல் ஒரு ரப்பர் மணி, இரை அந்த வளையத்தில். கட்டுவது சுலபம், இரை மாற்றுவதும் சுலபம். 20 மி.மீ.க்கு அருமை. 24-க்குப் போகும்போது இரை முள்ளுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் முள் மறைந்துபோகிறது, அந்த ஒரு குறைதான்.

கேடி ரிக்?

நாட்லெஸ் முடிச்சில் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு முடியை வெளியே விட்டுவிட்டு மீதிச் சுற்றுகளைப் போடுவது கேடி. முள் ஒரு பக்கம் சரிந்து தொங்கும், நன்றாகக் குத்தும். நல்ல மிதப்புள்ள இரைக்குப் பிரமாதம். வாஃப்டர் தண்ணீர் குடித்துக் கனமாகிவிட்டால் அந்தச் சரிவு போய்விடும், அதனால் அடிக்கடி எடுத்துப் பார்த்துப் போடும் பகல் வேளைக்கு மட்டும் கட்டுகிறேன்.

ரோனி, சோட், ஹிஞ்ச் ரிக்குகளில் பெரிய வாஃப்டர் போடலாமா?

வேண்டாம். இவை பாப்-அப்புக்காகப் பிறந்தவை. இரை மேலே தூக்கிப் பிடித்தால்தான் சோட்டின் விறைப்பான வளைவு நின்று வேலை செய்யும், வாஃப்டர் தூக்காது, வளைவு பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். ரோனியில் சின்ன வாஃப்டர் போட்டு மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் இரை முள்ளோடு ஒட்டி நிற்கும், 24 மி.மீ. உருண்டை முள்ளின் வாயையே அடைத்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வசந்த காலம் முழுக்க இதைப் பிடிவாதமாகக் கட்டிப் பார்த்தேன், கொத்து வந்தது, ஓடும் வழியில் மீன் கழன்றது. நாலாவது மீன் கழன்ற அன்று காலையில் ப்ளோபேக்குக்குத் திரும்பினேன்.

முடி எவ்வளவு நீளம் விடுவது?

ஆட்கள் அதிகம் தவறும் இடம் இது. உருண்டைக்கும் முள்ளின் வளைவின் அடிக்கும் நடுவில் 15 மி.மீ. இரைக்கு ஒரு 5 மி.மீ. இடைவெளி விட்டால் போதும். 24 மி.மீ. இரைக்கு நான் 10 முதல் 12 மி.மீ. வரை விடுகிறேன். பெரிய உருண்டை எல்லாப் பக்கமும் பருத்திருப்பதால் முள்ளின் நுனிக்கு முன்னால் வந்து நின்று உதட்டைத் தொடவிடாமல் தடுக்கும், அதைத் தள்ளி வைக்கத்தான் இந்த நீளம். வாஃப்டர் நிமிர்ந்து நிற்பதால் நீண்ட முடி தொய்ந்து முள்ளில் சுற்றிக்கொள்ளும் பயம் மூழ்கும் இரையில் இருப்பதைவிடக் குறைவு. ஆனால் 20 மி.மீ.க்கு மேல் இடைவெளி விட்டுவிட்டால் இரை வாய்க்குள்ளும் முள் வாய்க்கு வெளியிலும் இருக்கும் நிலை வந்துவிடும், அதுவும் கூடாது.

முள் எந்த அளவு, எந்த வடிவம்?

கார்ப் முள்ளில் எண் குறையக் குறைய முள் பெரியது. 20 மி.மீ. இரைக்கு 4, 24 மி.மீ.க்கு 4 அல்லது 2. பெரிய முள்ளைப் பார்த்து மீன் பயப்படும் என்று 6, 8 கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் நான் கேட்பது: அந்தப் பெரிய உருண்டையைத் தாண்டி அவ்வளவு சின்ன முள் எப்படி உதட்டை எட்டும்? இன்னொரு காரணம், வாஃப்டரைக் கீழே இழுத்து வைப்பதே முள்ளின் எடைதான், சின்ன முள்ளால் அது முடியாது.

வாய் அகன்ற, தண்டு நேரான அல்லது லேசாக வளைந்த முள் எடுங்கள், வளையம் ஓட இடம் வேண்டும். நுனியை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு தடவை சரளையில் இழுபட்ட பிறகும் இதைச் செய்ய வேண்டும். பெரிய இரையின் மிகச் சிறந்த ரிக்கும் மழுங்கிய முள்ளோடு ஒன்றுமே இல்லை.

ஹூக்லிங்க் எதில், எவ்வளவு நீளம்?

மேலுறை போட்ட பின்னல் நரம்பு, 25 பவுண்ட். முள்ளுக்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டர் மட்டும் உறையை உரித்துவிட்டால் அந்த இடம் கீல்போல மடங்கும், மீதி விறைப்பாக இருந்து சிக்காமல் விழும். பெரிய இரைக்கு இந்த மடங்கும் இடம் கட்டாயம், முழுக்க விறைப்பாக இருந்தால் இரையின் சமநிலை எல்லாம் வீண். உரித்த இடத்துக்குக் கீழே உளுந்தளவு டங்ஸ்டன் புட்டி, அதாவது கனமான களிம்பு, ஒட்டுவேன், வாஃப்டர் கொஞ்சம் மிதப்பு கூடிவிட்டாலும் அது பிடித்துக்கொள்ளும்.

நீளம் சரளையில் 7 அங்குலம், மெத்தென்ற சேற்றில் 9 அல்லது 10. பெரிய இரையை எடுத்த கார்ப் நிமிர்ந்து நகரும் தூரமும் கொஞ்சம் கூடுதல் என்பதால் 4, 5 அங்குலக் குட்டை ரிக்குகளை நான் சின்ன இரைக்கே வைத்துக்கொள்கிறேன். முழு தங்கூசி, ஃப்ளூரோகார்பன் எல்லாம் இந்த வேலைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

ஈயம்?

3 அவுன்சுக்குக் குறையாமல், பெரும்பாலும் 4. லேசான ஈயத்தோடு எட்டு கிராம் உருண்டையைக் கட்டி எறிந்தால் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு காற்றில் பம்பரம் விடும். கனமான ஈயம் முள் இறங்கவும் உதவுகிறது.

அன்னப் பறவைகள் விழுங்கிச் செத்ததால் 1987-லிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையுள்ள ஈயத் தூண்டில் எடைகளுக்குத் தடை. நாம் கட்டும் கார்ப் ஈயம் அதைவிடக் கனம், அதனால் தடையில் வராது. ஆனால் நரம்பில் நசுக்கிக் கட்டும் குட்டிக் குண்டுகள் வரும், அவற்றுக்குப் பதில் டங்ஸ்டன் வாங்குங்கள்.

க்ரேஃபிஷ் இரையைத் தின்றுவிடுகிறது, என்ன செய்வது?

உருண்டையை நைலான் வலைத்துணியில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு மிச்சத்தை வெட்டிவிடலாம். வெந்நீரில் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் உறையும் கிடைக்கிறது. உறை போட்டால் மணம் கொஞ்சம் மெதுவாகத்தான் வெளியே வரும், முள்ளில் இரையே இல்லாமல் போவதற்கு அது எவ்வளவோ மேல். சுற்றிய பிறகு மறுபடியும் ஜாடியில் போட்டுப் பாருங்கள், வலைக்குள் சிக்கிய காற்றுக் குமிழே வாஃப்டரைப் பாப்-அப் ஆக்கிவிடும். தண்ணீருக்குள் வைத்து விரலால் அழுத்திக் குமிழை வெளியேற்றினால் சரியாகிவிடும்.

எறியும்போது இரை கழன்று போகிறதே?

முடியின் நுனியில் வைக்கும் சின்ன பிளாஸ்டிக் தடுப்பு, தக்கைக்குள் புதைந்துபோகும். தக்கையின் இரு முனையிலும் 2 மி.மீ. விட்டு பாய்லித் துண்டாலேயே மூடிவிடுங்கள், அல்லது பெரிய தடுப்பாக வையுங்கள். எறிவதில் நிதானம் வேண்டும், பெரிய இரையோடு 100 கெஜம் போவது பெரிய சிரமம், நான் 70-க்கு மேல் முயல்வதில்லை. தண்ணீரில் கரையும் பிவிஏ வலைப்பையில் கொஞ்சம் உடைத்த பாய்லியைப் போட்டு முள்ளின் நுனியை அதில் குத்தி எறிந்தால் சிக்கலும் இல்லை, முள் இலைதழையில் மாட்டாமலும் இறங்கும்.

மீனுக்குக் காயம் அதிகமாகுமா? விதிகள் ஏதாவது?

அளவு 2 முள் என்பதால் அதிகக் காயம் என்று இல்லை, சின்ன முள்தான் மெல்லிய கம்பியாக இருந்து சதையை அறுக்கும். ஈயம் எங்காவது மாட்டினால் கழன்று விழும்படி லெட் க்ளிப்பை, அதாவது ஈயத்தைப் பிடித்திருக்கும் கொக்கியை, கட்டுங்கள், அதை மூடும் ரப்பரை அதன் மேல் முழுப் பலத்தோடு திணிக்காதீர்கள். நரம்பு அறுந்தால் மீன் ஈயத்தை இழுத்துக்கொண்டு திரியக் கூடாது, இதில் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை. ஏரிக்கு ஏரி விதி வேறு, சில இடத்தில் எதிர்முள் இல்லாத முள் மட்டும்தான். நல்ல மெத்தை, அகலமான வலை இல்லாமல் போகாதீர்கள், மீனை வைக்கும் முன் மெத்தையை நனையுங்கள்.

இங்கிலாந்தில் 13 வயதிலிருந்து தூண்டில் உரிமம் வேண்டும், ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை பிடிக்கக் கூடாது. பிரான்சில் பொது நீர்நிலைகளில் ராத்திரியில் கார்ப் பிடிக்க அனுமதித்த பகுதிகளில் மட்டுமே போடலாம், 60 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள கார்ப்பை உயிரோடு வேறிடத்துக்குக் கொண்டுபோவது அங்கே குற்றம். லாக் டு டெர் மாதிரி 4,800 ஹெக்டேர் ஏரியில் கரையிலிருந்து பார்த்தால் கடல்போல இருக்கும், எந்தப் பகுதி அனுமதித்தது என்று பகலிலேயே பலகையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ஊரில் இதைப் போடலாமா?

நம் ஊரில் கண்ணாடிக் கெண்டை என்று சொல்வதும் இதே கார்ப் இனம்தான், 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குச் செல்லும். கட்லாவுக்குச் செல்லாது, அதன் வாய் மேல்நோக்கியது, மேல்மட்டத்தில் மேய்வது. மிர்கால் அடியில் மேய்கிறது, ஆனால் வாய் சின்னது, 24 மி.மீ.யை மறந்துவிடுங்கள்.

குளிர்காலத்தில்?

தண்ணீர் குளிர்ந்ததும் மீன் கொஞ்சமாகத்தான் சாப்பிடும், நான் 15 மி.மீ.க்கு இறங்கிவிடுவேன். க்ரேஃபிஷ்ஷும் அப்போது மந்தமாகிவிடுவதால் பெரிய இரைக்கான தேவையும் இல்லை.

ரிக் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் செய்யும் உள்ளங்கைச் சோதனை, அதாவது ரிக்கைக் கையில் வைத்து இழுத்து முள் குத்துகிறதா என்று பார்ப்பது, முள் புரள்கிறதா என்று மட்டும் காட்டும், இரை மிதப்பதைக் காட்டாது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு தடிமனான ரப்பர் குழாயின் வாயால் இரையை உறிஞ்சி ஊதிப் பாருங்கள், இரை வெளியேறும்போது வளையம் ஓடுகிறதா என்று கண்ணில் தெரியும்.

அதற்கும் மேலே, பிடித்த மீனின் வாய்தான் சாட்சி. கீழுதட்டின் நடுவில், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, கெட்டியான சதையில் முள் நின்றால் எல்லாம் சரி. வாயின் ஓரத்தில் நின்றால் முடி நீளமாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். உதட்டின் விளிம்பில் மெல்லிய தோலில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தால் முடி குட்டை, அல்லது இரை முள்ளை மறைக்கிறது. ஒற்றைப் பீப், இரண்டு பீப் என்று கொத்தைச் சொல்லும் அலாரம் கத்திவிட்டு ஓட்டம் வராமல் நின்றால் பெரும்பாலும் மீன் எடுத்துத் துப்பிவிட்டது, அப்போது இரையை வெளியே எடுத்து ஜாடியில் போட்டுப் பார்ப்பேன், பாதி நேரம் அது தண்ணீர் குடித்துக் கல்லாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு மீனுக்கும் இரை அளவு, முடி இடைவெளி, முள் நின்ற இடம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன், 24 மி.மீ.க்கு 10 முதல் 12 மி.மீ. இடைவெளி என்று மேலே சொன்னது அந்த நோட்டிலிருந்து வந்ததுதான். உங்கள் ஏரியில் அது 8 ஆகவும் இருக்கலாம்.